மண்ணைக் கழுவிவிட்டு எடுத்த படம்

எனாமல் பேசினில் ஊற்றிய வெந்நீர் ஒரு நிமிடத்தில் கறுத்துவிட்டது. சங்கரலிங்கம் அண்ணாச்சி அதைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் கொண்டுவந்தார். அதுவும் கறுத்தது. மூன்றாம் தண்ணீர்தான் சாம்பல் நிறத்துக்கு இறங்கியது.

என் வலது கால் ஒரு மணைப்பலகையின் மேல் இருந்தது. அண்ணாச்சி சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் கழுவ உட்கார்ந்தவர் என் அப்பாதான். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை அவருக்கு. அது பட்டதும் நான் கத்திவிட்டேன். அப்பா எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். அண்ணாச்சி பஞ்சை வாங்கிக்கொண்டார்.

அண்ணாச்சி கோவில்பட்டியில் ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கமிஷன் கடைக் குடும்பத்துப் பிள்ளை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிற பெண். இத்தனை வாரமாக இந்தத் தொடரில் எக்ஸ்ரே அறையின் இருட்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த இருட்டுக்கு நான் வந்து சேர்ந்த வழி இந்தப் பேசினில்தான் தொடங்கியது.

"உங்களுக்குக் கால் எப்படிப் போனது, கேட்கலாமா?" என்று சாத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தாராளமாகக் கேட்கலாம், அம்மா. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர்கள் எல்லாம் கேட்டு முடித்த கேள்விதான். அவர்களிடம் இறங்கும் இடம் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். உங்களுக்கு நிதானமாகவே சொல்கிறேன்.

படுத்தால் வருகிற வலி

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் நான் ஏதோ மேசை போட்டு எழுதுகிற உத்தியோகம் பார்த்ததாக நினைத்துக்கொள்வதுண்டு. நானும் திருத்தமாட்டேன். கட்டை அடுக்குவது என்றால், மருந்தில் முக்குவதற்கு முன்னால் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் வரிசை வைப்பது. காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்போம்.

ஆகவே எங்கள் வரிசையில் முழங்கால் வலிக்காத ஒருத்தியைக் காட்டு என்றால் காட்ட முடியாது. எனக்கு வலித்தபோது, வலிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். ஒரு வித்தியாசம் இருந்தது. மற்றவர்களுக்குப் படுத்தால் வலி விட்டது. எனக்குப் படுத்தால்தான் வந்தது. பிறகு முழங்காலுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம் தெரிந்தது. தொட்டால் அந்த இடம் மட்டும் சுட்டது.

அப்பா பெயர் அந்தோணிமுத்து. பசுவந்தனைக்குப் பக்கத்து ஊரில் மானாவாரிச் சம்சாரி. வானம் பார்த்து விதைப்பவர். மகள் கால் வீங்கியதும் அவர் அழைத்துப்போனது சுப்பையா நாயக்கரிடம், எலும்புக்குக் கட்டுப்போடுகிறவர். நாயக்கர் விரலால் தடவிப் பார்த்து, மூட்டு விலகியிருக்கிறது என்றார். கண்மாய்க் கரிசலைக் குழைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கனமாகப் பத்துப்போட்டு, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை போகும்வரை அவிழ்க்கக் கூடாது என்பது கட்டளை.

நாயக்கரைக் குறை சொல்லி நான் எழுதப் போவதில்லை. சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருடைய கையும் காலும் நேராக இருப்பதற்கு அவர்தான் காரணம். என் சொந்தச் சித்தப்பா வேப்பமரத்திலிருந்து விழுந்து முறித்துக்கொண்ட கையை அப்படியே பழையபடி ஆக்கிக் கொடுத்தவர். முறிந்த எலும்பு அவர் விரலோடு பேசும். முறியாத எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று விரல் எப்படிக் கண்டுபிடிக்கும்?

எல்லாம் தெரிகிற பெட்டி

கட்டோடு நான் நொண்டுவதைப் பார்த்த ஆபீஸ் முதலாளி, டவுனில் எக்ஸ்ரே வந்திருக்கிறது, ஒரு படம் எடுத்துவிடு என்று அப்பாவிடம் சொல்லி, டாக்டருக்கு ஒரு சீட்டும் கொடுத்தார். முதலாளி வார்த்தையைத் தட்ட முடியாமல் அப்பா அழைத்துப்போனார். அம்மாவும் கூட வந்தார்.

அம்மாவுக்கு வேறு கவலை. எக்ஸ்ரேயில் உடம்புக்குள் இருப்பதே தெரியும் என்றால் சேலை மட்டும் தெரியாமலா போகும், படத்தில் பிள்ளை எப்படி விழுவாள் என்று என் காதில் கேட்டுக்கொண்டே வந்தார். இந்தக் கேள்வியைப் பிற்பாடு என்னிடமே நூறு பெண்களாவது கேட்டிருப்பார்கள். அவர்களைப் பார்த்து நான் சிரித்ததில்லை.

அண்ணாச்சி கனத்த ரப்பர் அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். கட்டை அவிழ்த்துக் காலைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். அப்பா மறுத்துவிட்டார்.

"சட்டையத் தாண்டி, தோலத் தாண்டி, கறியத் தாண்டி எலும்பு தெரியும்னு சொல்லுதீங்க. இந்தத் துணியும் மண்ணுமா மறைச்சிரப் போவுது?"

இதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். நியாயமான கேள்விதான். பாதி தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விக்கு முழுசாகத் தெரிந்தவர்களும் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. அண்ணாச்சிக்கு முன்கோபம் அதிகம். வாசலில் இன்னும் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். மில்லில் எந்திரங்கள் ஓடத் தொடங்கினால் மின்சாரம் தள்ளாடும். அதற்குள் எடுத்தாக வேண்டும். சரி, கட்டோடு வா என்று எடுத்துவிட்டார்.

படத்தில் என் எலும்பைச் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். எங்கள் கரிசலில் சுக்காங்கல் உண்டு, சுண்ணாம்புக் கட்டி. சின்னச் சின்ன நொறுங்கலாக மண்ணோடு மண்ணாகக் கலந்து கிடக்கும். சுண்ணாம்பு எலும்புக்குச் சொந்தக்காரன் அல்லவா, எலும்பைப் போலவே அதுவும் படத்தில் வெள்ளையாக விழும். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது மண், இதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை, கட்டை அவிழ்த்துவிட்டு மறுபடி அழைத்து வாருங்கள் என்றார்.

அப்பா காதில் விழுந்தது முதல் இரண்டு வார்த்தை மட்டும்தான். இது மண். பஸ் ஸ்டாண்டில் எனக்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், பெரிய டாக்டரே பார்த்துவிட்டார், வெறும் மண்தானாம் என்று சொன்னார். நானும் அதை நம்பிக்கொண்டு மிட்டாயைத் தின்றேன்.

தபால் கார்டு

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கார்டு வந்தது. அண்ணாச்சி எழுதியது. காலில் உள்ள மண்ணைச் சுத்தமாகக் கழுவிவிட்டு உடனே அழைத்து வரவும், தாமதிக்க வேண்டாம் என்று இரண்டே வரி.

கார்டு என்பதால் எங்கள் கைக்கு வருமுன் ஊரே படித்துவிட்டது. தபால்காரர் அதைக் கிணற்றடியில் வைத்து வாசித்தார். அந்தோணிமுத்து மகளைக் குளித்துவிட்டு வரச் சொல்லி டவுனிலிருந்து கடுதாசி வந்திருக்கிறது என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நம்ம மண்ணை அழுக்குங்கான் அவன். இந்த மண்ணுல வெளஞ்சதத்தான அவனும் திங்கான்?" என்று அம்மாவிடம் சத்தம் போட்டார். கார்டைக் கூரையில் செருகிவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கோபம் புரியாது. கரிசல் காலில் ஒட்டினால் நாங்கள் அதை அழுக்கு என்று சொல்வதில்லை. மழைக்குப் பிறகு புஞ்சைக் காட்டுக்குள் நடந்தால் ஒவ்வொரு காலும் அரைப்படி மண்ணைத் தூக்கிக்கொண்டு வரும். எங்கள் அப்பா அதை உதறுவார், முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சோறு போடும் சாமியைக் கழுவிவிட்டு வா என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மூன்று ஞாயிறும் போயிற்று. நாயக்கர் கட்டை அவிழ்த்தார். வீக்கம் எலுமிச்சையிலிருந்து மாதுளம்பழ அளவுக்கு வந்திருந்தது. அவர் புதுசாக மண் குழைத்து மறுபடியும் பத்துப் போட்டார். இந்தத் தடவை அவர் கை கொஞ்சம் தயங்கியதைக் கவனித்தேன். அடுத்த வாரத்தில் என்னால் காலை ஊன்றவே முடியவில்லை.

பன்னிரண்டு பேரில் ஒருவர்

இங்கே கொஞ்சம் கோவிலுக்குள் போய்விட்டு வர வேண்டும்.

புனித வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழனன்று, எங்கள் ஊர் மாதா கோவிலில் பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களை வரிசையாக உட்காரவைத்து அவர்கள் பாதத்தைக் கழுவுவார். இயேசு சீடர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்வது. பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காருவது ஊரில் பெரிய மரியாதை. அப்பாவுக்கு அந்த இடம் வருசா வருசம் உண்டு.

அன்றைக்கு மத்தியானமே அப்பா கிணற்றடியில் உட்கார்ந்துவிடுவார். செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்ப்பார். பித்தவெடிப்புக்குள் ஏறிக் கிடக்கும் கரிசலை வேப்பங்குச்சியால் நோண்டி எடுப்பார். சீயக்காய் போடுவார். பன்னிரண்டு பேரும் இப்படித்தான். சாயங்காலம் சாமியார் கழுவும்போது பேசினில் தண்ணீர் ஊற்றியபடியே தெளிவாக இருக்கும். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது. சின்ன வயதில் நான் இதைச் சொல்லிச் சிரித்து அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

பாயில் படுத்துக் கிடந்த அந்த வாரத்தில் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அப்பா காட்டிலிருந்து வந்ததும் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவை எதிர்த்துப் பேசும் வழக்கம் கிடையாது. வலி எல்லா வழக்கத்தையும் தின்றுவிட்டது.

"சாமியாருகிட்ட காலக் காட்டணும்னா, நாள் பூரா தேச்சுக் கழுவிட்டுத்தானப்பா போறீங்க. அவரு நம்ம மண்ணை அழுக்குன்னா சொன்னாரு? எனக்கு மட்டும் ஏம்ப்பா கழுவ விடமாட்டேங்கீங்க?"

அப்பா கூரைக்குக் கையை விட்டுக் கார்டை எடுத்தார். எழுத்துக்கூட்டி, தானே ஒரு முறை படித்தார். மறுநாள் காலை பஸ்ஸுக்கு என்னை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். இப்படித்தான் நான் அந்தப் பேசின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

முள்

கழுவி முடித்த கால் பார்க்க வேறு யாருடையதோ போல வெளுத்துப்போய் இருந்தது. அண்ணாச்சி துண்டால் ஒற்றி எடுத்தார். விரலிடுக்கில்கூட ஒரு துணுக்கு இல்லை என்று பார்த்த பிறகுதான் மேசையில் ஏற்றினார். அசையாதே என்றார். அவர் சொல்லியிராவிட்டாலும் அசைந்திருக்க மாட்டேன்.

படம் காய்ந்ததும் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். பொட்டுகள் எல்லாம் போயிருந்தன. அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். ஆனால் வீங்கிய இடத்தில், எலும்பின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக, உடைமரத்து முள்ளைப் போல மெல்லிய வெள்ளைக் கோடுகள் நின்றன. அவை போகவில்லை.

பழைய படத்திலேயே அண்ணாச்சி இதைப் பார்த்திருக்கிறார். பொட்டுக் கூட்டத்துக்குள்ளே ஒரே ஒரு கோடு மட்டும் அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. அதனால்தான் கார்டு. அதை அவர் அப்பாவிடம் சொன்ன விதம் அப்படியே நினைவிருக்கிறது. அன்றைக்கு அவரிடம் கோபம் இல்லை.

"மண்ணு கண்ட கண்ட எடத்துல செதறிக் கெடக்கும். இது எலும்பு ஓரத்துல இருந்தே கெளம்பிப் போவுது பாருங்க. எலும்புக்குள்ள இருந்து ஒண்ணு வெளிய வாரதுக்கு வழி பண்ணுது. மண்ணுக்கு அப்படிப் போகத் தெரியாது."

டாக்டர் அதற்கு மேல் மறைக்கவில்லை. எலும்பில் புற்றுநோய் என்று சந்தேகிக்கிறேன், படம் மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது, மதுரைக்குப் போங்கள், இன்றைக்கே ரயிலேறுங்கள் என்றார். இரண்டு படங்களையும் உறையில் போட்டு அண்ணாச்சியே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

மதுரையில் வீக்கத்திலிருந்து சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். நெஞ்சுக்கும் ஒரு படம் எடுத்தார்கள். காலில் இருக்கும் நோய்க்கு நெஞ்சு எதற்கு என்று கேட்டேன். இந்த நோய் அடுத்ததாகக் குடிபோகும் இடம் நுரையீரல்தான், அங்கே போயிருந்தால் வெள்ளைப் பொட்டாகத் தெரியும் என்று விளக்கினார்கள். பொட்டு இல்லை. இருந்திருந்தால் காலை எடுத்தும் பிரயோசனம் இருந்திருக்காது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

தொடையின் பாதியில் எடுத்தார்கள். அதைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை. மயக்கம் தெளிந்ததும் எனக்கு முதலில் தோன்றிய நினைப்பு விசித்திரமானது. அவ்வளவு நேரம் கழுவினாரே, அந்தக் கால் போய்விட்டதே என்று அண்ணாச்சிக்காக வருத்தப்பட்டேன்.

கறுப்பு நல்லது

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும் என்று மதுரையில் சொல்லி அனுப்பினார்கள். அதைக் கோவில்பட்டியிலேயே எடுத்துக்கொண்டேன். இரண்டாவது தடவை போனபோது, இருட்டறையில் படம் கழுவ ஆள் வேண்டும், முக்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை, வருகிறாயா என்று அண்ணாச்சி கேட்டார். இருட்டில் யாருக்கு எத்தனை கால் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? வந்துவிட்டேன்.

அந்த அறையில் ஒரு சட்டம் இருந்தது. யார் படத்தை வேண்டுமானாலும் நான் கழுவலாம், என் நெஞ்சுப் படத்தை மட்டும் அவர்தான் கழுவுவார். அந்த நேரத்தில் என்னை வெளியே உட்காரவைத்துவிடுவார். கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தைப் படத்துக்காகக் கழற்றியிருப்பேன். அதைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு காத்திருப்பேன். கதவு திறக்கும். "சாப்பிட்டியா?" என்பார். பொட்டு இல்லை என்று அர்த்தம். வேறு எந்த வார்த்தையும் எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காக மூன்று மாதம், பிறகு ஆறு மாதம், பிறகு ஒரு வருசம் என்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மண்பத்தோடு வரும் பெண்களின் காலைக் கழுவுவதும் காலப்போக்கில் என் வேலையாயிற்று. அதே பேசின்தான். எனாமல் ஓரத்தில் பெயர்ந்திருந்தது.

ஒரு வருசம் மதுரை டாக்டர், இந்தப் படத்தையும் பார்த்துவிடுவோம், சரியாக இருந்தால் இனிமேல் எடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அண்ணாச்சி படச் சட்டத்தை என்னிடம் நீட்டினார்.

"இன்னைக்கு நீயே கழுவு."

சிவப்பு விளக்கு. மருந்துத் தொட்டி. சட்டத்தை அதில் இறக்கினேன். விலா எலும்புகள் முதலில் வந்தன. நுரையீரல் நன்றாக இருந்தால் படத்தில் அது கறுப்பாக விழும், வெள்ளைதான் ஆகாது. கரிசல்காட்டுக்காரிக்குக் கறுப்பு நல்ல நிறம் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும், மழை பெய்து உழுதுபோட்ட நிலம்போலக் கறுப்பு. நான் வெளியே வந்தபோது அண்ணாச்சி என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அந்த மனிதர் காலமாகி வருசங்கள் ஆகிவிட்டன. நான் மூச்சுவிடும் ஒவ்வொரு நாளும் அவர் எழுதிய இரண்டு வரிக் கார்டின் தயவு. இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தமிழ் தெரியவில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா பருத்திக்காட்டில் இருந்தார். மழை ஈரத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார், முழங்கைவரை மண். என் காலை எடுத்த வருசத்திலிருந்து அவர் பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரில் உட்காருவதில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வரப்பில் கக்கத்துக் கட்டையை ஊன்றி நின்று, உறையிலிருந்து படத்தை உருவி நீட்டினேன். வாங்குவதற்குக் கையை நீட்டியவர், பாதியில் இழுத்துக்கொண்டார். வரப்போரம் குடிப்பதற்கு வைத்திருந்த கலயத்தைச் சாய்த்துக் கையைக் கழுவினார். நகத்துக்குள் ஏறியிருந்ததை ஒரு குச்சியால் எடுத்தார். மறுபடியும் கழுவினார். மூன்றாம் தடவை கழுவியதும் கலயம் காலியாகிவிட்டது. தலைத்துண்டை அவிழ்த்து, விரல் விரலாகத் துடைத்தார்.

பிறகு படத்தை இரண்டு ஓரத்தில் மட்டும் பிடித்து, சூரியனுக்கு நேரே தூக்கினார். மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, பூச்சி விழுந்த இலையைத் தேடுகிறவர் போல வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு பொட்டு மண்ணு இல்ல, தாயீ" என்றார்.